யமுனா ஏன் கத்தவில்லை

பெரம்பலூர்
9.2.2025

அன்புள்ள மஞ்சு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்பது நீ ஊருக்குப் போன இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. என் வகுப்பில் படிக்கும் சக்தியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாய். அதனால்தான் தபால். மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்ததில் உன் வீட்டு விலாசம் பின்கோடு வரைக்கும் எனக்கு மனப்பாடம். தபால் ஆபீஸில் கவர் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர், "வேலைக்கு அப்ளிகேஷனாம்மா?" என்றார். "இல்லீங்க, பிரெண்டுக்கு" என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

படத்தை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். நீ திட்டினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாலிகண்டபுரத்தில் நாம் படம் எடுத்த ஐந்து நாளில் முதல் நான்கு நாள் போல நான் என்றைக்குமே சந்தோஷமாக இருந்ததில்லை. என்னுடைய எம்.ஏ. பிராஜெக்டுக்காக நீ மருந்துக்கடையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாய். உனக்கு நடிக்கத் தெரியாது. எனக்கு நடிக்கச் சொல்லித்தரத் தெரியாது. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலை ராத்திரியாக்கிவிட்டு, நீ யமுனாவாக அடுப்படிக்குப் பூனை மாதிரி நடந்து போவாய். பழனிவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவோடு பின்னால் வருவான். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். வீட்டுக்காரம்மா கொளஞ்சியம்மாள் வந்து கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"பேய்ப் படமா பாப்பா?"

"இல்லீங்கம்மா. ஒரு பொண்ணு தனியா இருக்கா. ராத்திரி ஒரு தம்ளர்லதான் டீ குடிக்கிறா. காலையில பார்த்தா ரெண்டு தம்ளர் கழுவாமக் கெடக்குது. யாரு வந்து குடிச்சதுன்னு தேடிக்கிட்டே இருக்கா. கடைசியில பார்த்தா ரெண்டாவது தம்ளர்ல ஊத்துறதும் அவதான். அது அவளுக்கே தெரியல."

"அப்ப பேயே கெடையாதா?"

கிடையாது என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. இவ்வளவு நல்ல வீட்டை ஒரு பேய்கூட இல்லாத படத்துக்குக் கொடுத்துவிட்டோமே என்று.

சரி, ஐந்தாம் நாள். மக்காச்சோள மூட்டை அடுக்கிய உள் அறையில் யமுனா மாட்டிக்கொண்டு கத்துகிற காட்சி. ஆறு தடவை எடுத்தும் உனக்குக் கத்த வரவில்லை. மறுநாள் வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான் பழனிவேலுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் கேமராவை ஓடவிட்டுவிட்டு, பேட்டரி எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே வந்தான். நான் பெரிய விளக்கை அணைத்துவிட்டு வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன். நான்கு நிமிடம்தான் மஞ்சு. உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் அது நிஜமாக வந்திருக்காது. அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டு எங்கள் குருநாதன் சார், "இதுதாம்மா படமே" என்றார். நீ எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மார்ச் கடைசியில் படத்தைக் கொடுக்க வேண்டும்.

கோபம் குறைந்ததும் நாலு வரி எழுது.

அமிர்தவல்லி


வரதராஜன்பேட்டை
16.2.2025

அமிர்தத்துக்கு,

கடிதம் வந்தது. அம்மாதான் வாங்கி வைத்திருந்தார். யார் எழுதியது என்று கேட்டார். ஹாஸ்டலில் கூட இருந்த பெண் என்றேன். படத்தில் நடித்ததை வீட்டில் சொல்லவில்லை. கல்லூரிக்குச் சான்றிதழ் வாங்கப் போனதாகவும் ஐந்து நாள் இழுத்தடித்ததாகவும்தான் சொல்லியிருந்தேன்.

நான் நன்றாக நடித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த நான்கு நிமிடம் நான் நடிக்கவில்லை. அது உனக்குத் தெரியும்.

ஏழு வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது முந்திரிக்கொட்டை குடோனில் ஒளிந்துகொண்டேன். ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மதியம் பூட்டினது, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திறந்தார்கள். இதை நான் உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். முதல் வருடம், குளிக்கப் போனால் ஏன் தாழ்ப்பாள் போடமாட்டேன் என்கிறாய் என்று நீ கேட்டபோது சொன்னேன். மறுநாளிலிருந்து நீ வெளியே காவலுக்கு நின்றாய். சும்மா நிற்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாய். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பரீட்சை அன்றைக்குக்கூட நின்றாய். மூன்று வருடம் அப்படி நின்றவள்தான் அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டாய்.

வேறு யார் போட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே நான் யாரைக் கூப்பிட்டேன் என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேள்.

முதல் நான்கு நாள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். படித்ததும் அழுகை வந்துவிட்டது.

மஞ்சு


பெரம்பலூர்
20.2.2025

மஞ்சு,

ஹெட்போன் மாட்டிக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எனக்கு முதல் நாளே தெரியும். மூன்று தடவை "அமிர்தம், அமிர்தம்" என்று என்னைத்தான் கூப்பிடுகிறாய். யமுனாவின் கதையில் அமிர்தம் என்று யாருமே கிடையாது. எடிட்டிங்கில் அந்த இடத்தில் உன் குரலை இறக்கிவிட்டு, மேலே இசையைப் போட்டு மூடியது நான்தான். அந்த வேலையைச் செய்யும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்ல ஷாட் கிடைத்த மிதப்பில் இருந்தேன். மூடியதையும் மறைத்துவிட்டு, நன்றாக நடித்தாய் என்று உனக்கே கடிதம் எழுதினேன் பார்.

நீ சொன்ன குடோன் விஷயம் எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் அது பொய். ஞாபகம் இருந்ததால்தான் அந்த யோசனையே வந்தது. இதற்கு மன்னிப்பு கேட்கிறேன். நீ தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்த ஷாட்டை நேற்று அழித்துவிட்டேன். கேமரா கார்டு, ஹார்ட் டிஸ்க், லேப்டாப் மூன்றிலும். பழனிவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழிக்க வேண்டாம் என்று சொல்வான் என நினைத்தேன். அவன், "பேட்டரி எடுத்துட்டு வரேன்னு பொய் சொன்னது நான்தானே. அன்னைலேர்ந்து எனக்கும் சாப்பாடு எறங்கல. மஞ்சுகிட்ட நான் சாரி கேட்டேன்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன்.

இப்போது படத்தின் முடிவில் நாற்பது வினாடி வெறும் கறுப்பு. படம் போனால் போகிறது, பரவாயில்லை என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். ஆனால் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஷாட் வேண்டாம்.

அமிர்தம்


வரதராஜன்பேட்டை
2.3.2025

அன்புள்ள அமிர்தம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் ஒரு வாரம் சும்மா இருந்தேன். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். பாதிதான் மிச்சம் இருந்தது. அது இருக்கட்டும், உடனே முழுவதும் போய்விட்டால் எனக்கே மரியாதையாக இருக்காது.

வேறு ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். தினமும் காலையில் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கடைக்குப் போகும்போது யமுனாவைப் பற்றித்தான் யோசிக்கிறேன். ஆறு டேக்கிலும் எனக்கு ஏன் கத்த வரவில்லை என்று. எனக்கு நடிக்கத் தெரியவில்லை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, யமுனா கத்தவே மாட்டாள்.

கத்தினால் யாராவது வருவார்கள் என்று நம்புகிறவர்கள்தான் கத்துவார்கள். நான் கத்தியதற்குக் காரணம் வெளியே நீ இருந்தாய். அவளுக்கு வெளியே யாரும் இல்லை. உள்ளேதான் யாரோ இருப்பதாக நினைக்கிறாள். அப்படியானால் அவள் எதற்குப் பயப்படுவாள்? கூப்பிட்டால் பதில் வந்துவிடுமோ என்றுதான் பயப்படுவாள். அதனால் சத்தமே போடமாட்டாள்.

எங்கள் கடைக்கு மாதம் ஒருமுறை ஒரு டீச்சரம்மா மாத்திரை வாங்க வருவார். தனியாக இருக்கிறவர். பில் போட்டு முடித்த பிறகும் கிளம்பமாட்டார். பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் யாரோ உட்காரப் போகிறமாதிரி இடம் விட்டு உட்கார்ந்திருப்பார். கூட்டமே இல்லாவிட்டாலும் ஓரத்தில்தான் உட்காருவார். அவரை நினைத்துக்கொண்டால் எனக்கு யமுனா புரிகிறாள்.

அடுத்த ஞாயிறு முடியாது, அதற்கடுத்த ஞாயிறு 16ஆம் தேதி எனக்கு லீவு. அதே அறையில் எடுக்கலாம். கதவு திறந்தே இருக்க வேண்டும். கேமராவில் தெரியக் கூடாது என்றால் கேமராவுக்குப் பின்னால் திறந்திருக்கட்டும். என்ன நடக்கப் போகிறது என்று முழுவதும் முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும். போதும் என்று நான் சொன்னால் போதும்.

இதெல்லாம் இருந்தால் நிஜமாக வராது என்று நினைத்தால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

மஞ்சு


பெரம்பலூர்
6.3.2025

மஞ்சு!

கடிதத்தைக் கல்லூரி கேன்டீனில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்தபோது கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. "கூப்பிட்டால் பதில் வந்துவிடுமோ." இந்த ஒரு வரி எனக்கு ஏன் தோன்றவில்லை? எட்டு மாதம் உட்கார்ந்து கதை எழுதியவள் நான். நீ பஸ்ஸில் போகிறபோது கண்டுபிடித்துவிட்டாய்.

எல்லாவற்றுக்கும் சரி. நேற்றே வாலிகண்டபுரம் போனோம். பழனிவேல் ஸ்குரு டிரைவரோடு வந்து அந்தத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டான். கொளஞ்சியம்மாள் பதறிப்போய், "ஏன்டா தம்பி, வூட்டைக் குடுத்தா கதவையே கழட்டுவீங்களா?" என்றார். ஏன் கழற்றுகிறோம் என்று நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "கூட்டாளியப் போட்டு அடைச்சியா நீ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உன் கடிதங்களைவிட அது சுருக்கமாக இருந்தது, ஆனால் அதே இடத்தில் குத்தியது. கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு வர்றன்னைக்கு இங்கேயே சாப்பிடச் சொல்லு, கறி எடுக்கறேன்" என்றார். எனக்கும் பழனிவேலுக்கும் உண்டா என்பதைச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன்.

அமிர்தம்


வரதராஜன்பேட்டை
18.3.2025

அன்புள்ள அமிர்தம்,

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், பார்த்திருப்பாய். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமையை எழுதி வைக்க வேண்டும் போல இருக்கிறது. அந்த அறைக்குள் நுழைந்தபோது மக்காச்சோள மூட்டை வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் நீ நின்றாய். உனக்குப் பின்னால் கொளஞ்சியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு யாருக்குப் பயம் வரும் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நீ வந்து, "நீ மூட்டை மேல உக்காருவ. நான் லைட்டைக் கொறைப்பேன், அணைக்கமாட்டேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாய்.

உட்கார்ந்தேன். இருட்டைப் பார்த்தேன். எனக்குப் பயம் போய்விட்டிருந்ததால் அவளுடைய பயத்தை எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. இதைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. போன தடவை என் பயமே அறை முழுக்க இருந்தது, யமுனா எங்கே வந்து உட்காருவாள்?

நான் நகர்ந்து உட்கார்ந்ததை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். முன்கூட்டி யோசித்ததா என்று. இல்லை. உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருப்பவருக்கு இடம் போதவில்லை போலத் தோன்றியது. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன். அப்போதுதான் பழனிவேல், "ஐயோ" என்று கேமராவை விட்டு ஓரடி பின்னால் போய்விட்டான். ஷாட் கெட்டுப்போனதற்கு நீ அவனைத் திட்டவே இல்லை. இரண்டாவது தடவை எடுத்ததுதான் நன்றாக இருந்தது என்கிறாய். எனக்கு முதல் தடவைதான் பிடித்தது, படத்தில் இல்லாவிட்டாலும்.

நீ கட் சொல்ல மறந்துவிட்டாய். கட் சொல்வதற்குப் பதிலாக வாசலில் நின்று பழைய மாதிரி பாட ஆரம்பித்தாய். சுதி சேரவே இல்லை. நான் எழுந்து உன்னிடம் வந்தேன். பிறகு நாலு பேரும் கறிச்சோறு தின்றோம். பழனிவேல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. ஏதாவது ஒரு லாரியை என் அப்பா ஓட்டி வருகிறாரா என்று வழக்கம்போல எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அரியலூரில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ் மாறியபோதுதான், அன்றைக்கு முழுவதும் நான் எதையும் கஷ்டப்பட்டு மறக்கவில்லை என்பது தெரிந்தது.

கோபம் பாதி இருந்தது என்று எழுதியிருந்தேன். எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

மஞ்சு


பெரம்பலூர்
6.4.2025

அன்புள்ள மஞ்சு,

நேற்று திரையிட்டார்கள். கல்லூரி செமினார் ஹால், பாதி நாற்காலி காலி, ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. கடையில் லீவு தராததால் நீ வரவில்லை. உனக்குப் பதிலாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நம் படம் நான்காவது. அதற்கு முன்னால் வந்த மூன்றிலும் யாராவது கத்திக்கொண்டே இருந்தார்கள். நம் படத்தில் பன்னிரண்டு நிமிடம் தம்ளரும் தண்ணீர்ச் சத்தமும்தான். பின்வரிசைப் பையன்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். நீ அடுக்களையை மோப்பம் பிடிப்பது மாதிரி பார்க்கும் இடத்தில் பேச்சு நின்றது. நீ நகர்ந்து உட்கார்ந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பை. அவளுக்கே தெரியாமல் எடுத்தாள் மஞ்சு. அதைப் பார்த்தபோது எனக்கு வேறு எந்தப் பரிசும் வேண்டாம் என்று இருந்தது.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். குருநாதன் சார் எழுந்து, "அந்தப் பழைய ஷாட் எங்கம்மா? பொண்ணு கதவைத் தட்டிக் கத்துமே, அது?" என்று கேட்டார்.

"அழிச்சிட்டேன் சார்."

"ஏன்?"

எழுதி எடுத்துக்கொண்டு போன பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். சொன்னேன். நான் கதவைச் சாத்தியதை, அது நடிப்பு இல்லை என்பதை, அதை நடிப்பு என்று சாரிடம் காட்டிப் பாராட்டு வாங்கியதை. உன் பெயரையும் குடோனையும் சொல்லவில்லை, அது உன்னுடையது. சார், "பார்த்தப்ப எனக்கும் அது நடிப்புதானான்னு கேட்கத் தோணலயேம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்த அம்மா உன்னைப் பற்றித்தான் விசாரித்தார். நாடகப் பயிற்சி எடுத்தவரா என்று கேட்டார். ஜெயங்கொண்டத்தில் மருந்துக்கடையில் பில் போடுகிறாள் என்றேன். நம்பவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். ஒரு படம் எடுக்கத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கோர்ஸில் சேர்ந்தேன். லென்ஸ், ஒளி, எடிட்டிங் எல்லாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தியை நம்பவைத்து உட்காரவைத்தால் அவள் எவ்வளவு தூரம் போவாள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை வாலிகண்டபுரத்தில் மக்காச்சோள மூட்டைக்கு எதிரே நின்று தெரிந்துகொண்டேன்.

படம் பென் டிரைவில் இருக்கிறது, இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். பெயர்கள் வரும் இடத்தில் முதல் பெயர் உன்னுடையது. கதை என்று போட்டு, அதிலும் என் பெயரோடு உன் பெயர் இருக்கிறது. கேட்காமல் போட்டுவிட்டேன். இந்த ஒன்றுக்கு மன்னிப்பு கேட்கமாட்டேன்.

அமிர்தம்


வரதராஜன்பேட்டை
13.4.2025

அன்புள்ள அமிர்தம்,

காட்டிவிட்டேன். காட்டலாமா வேண்டாமா என்று மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். இன்று மதியம் அப்பா லாரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் டி.வி.யில் செருகிப் போட்டுவிட்டு, நான் பின்பக்கம் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். உட்கார்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலில் அப்பாவின் குரல் கேட்டது. "ஏய், இது நம்ம மஞ்சுடி!" அப்புறம் அம்மா, "சத்தம் போடாத, பாக்க வுடு" என்றார். அப்புறம் பன்னிரண்டு நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. நானும் ஒரே குண்டானைத் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் வாங்கப் போனதாகச் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டேன். அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "கடைசியில பேரு போட்டாங்களே, அதை மறுபடி போடு" என்றார். போட்டேன். அ. மஞ்சு என்று இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த "அ" தன்னுடையது, அரியமுத்து என்று அவரிடம் விளக்கமும் சொன்னார்.

அம்மா முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு முந்திரிப் பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு யாருமே இல்லியா?"

"இல்லம்மா."

"ஊரு எதுவாம்?"

"அதெல்லாம் படத்துல சொல்லலம்மா."

"சொல்லியிருக்கணும். ஒத்தையா ஒரு வூட்டுல கெடந்தா மனுசிக்கு அப்படித்தான் ஆகும். வேற என்ன ஆகும்?" மறுபடி கொஞ்ச நேரம் தோல் உரித்தார். "சித்திரைக்கு அவளை இங்க வந்து பத்து நாளு இருந்துட்டுப் போவச் சொல்லு."

"அம்மா, அது நான்தாம்மா."

"நீன்னு எனக்குத் தெரியாதாடி? நான் அவளைச் சொல்றேன்."

சரிம்மா, சொல்கிறேன் என்றேன்.

மஞ்சு